எழுபத்திரண்டு பெட்டியும் ஒரு ஒழுக்கும்

வண்டியின் சூடு காட்டுகிற முள் நடுக்கோட்டைத் தாண்டியபோது மணி ஆறே முக்கால். பக்கத்தில் கராமா தலை தொங்கத் தூங்கிக்கொண்டிருந்தான். கதவோரம் அவனுடைய அக்கா முஸ்னா, ஓலைத் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு விழித்திருந்தாள். பின்னால் எழுபத்திரண்டு தேன்பெட்டிகள், மூன்று அடுக்காகக் கயிறு போட்டு இறுக்கியவை. எல்லாம் முஸ்னாவுடையவை. புருஷன் செத்த பிறகு ஏழு வருஷமாக அவள்தான் கட்டி மேய்க்கிறாள். தம்பி தூக்கி இறக்க வருகிற ஆள்.

ஹழ்ரமவ்தின் தோஅன் பள்ளத்தாக்கில் இலந்தை பூத்துவிட்டது. வருஷத்துக்கு ஒரு தடவை, நாற்பது நாள். அந்த நாற்பது நாளில் எடுக்கிற தேன்தான் அவளுக்கு வருஷம் முழுக்கச் சோறு. இருட்டியதும் பெட்டிகளை வாயடைத்து ஏற்றினால், வெயில் ஏறுவதற்குள் இறக்கித் திறந்துவிட வேண்டும். அடைத்த பெட்டி வெயிலில் நின்றால் உள்ளே மெழுகு இளகி அடை சரியும், தேனீ மூச்சுமுட்டிச் சாகும். இந்நேரம் நாங்கள் இலந்தை மரத்தடியில் இருந்திருக்க வேண்டும். வழியில் மூன்று இடத்தில் நிறுத்தித் தண்ணீர் ஊற்றியதில் நேரம் போய்விட்டது.

முள் சிவப்பைத் தொட்டதும் ஓரம் கட்டினேன். மேட்டுநிலத்துச் சாலை லேசாக இறங்குகிற இடம். மூக்கு கீழே பார்க்க நின்றது வண்டி. பானெட் இடுக்கில் ஆவி.

“என்ன ஃபரஜு, ஒண்ணுக்கா?” என்றான் கராமா, கண்ணைத் திறக்காமல்.

“ஆமா. வண்டிக்கு.”

இறங்கி பானெட்டைத் தூக்கினேன். ஆவி முகத்தில் அடித்தது. அதில் ஒரு வாசனை, யாரோ பாகு காய்ச்சுகிற மாதிரி. ரேடியேட்டருக்கென்று பச்சை நிறத்தில் டப்பாவில் ஒரு திரவம் விற்கிறார்கள், அது கொதித்தால் இப்படித்தான் இனிப்பாக மணக்கும். ஆனால் நான் அதை ஊற்றுவதே கிடையாது. எங்கள் பக்கத்தில் யார் ஊற்றுகிறார்கள். கிணற்றுத் தண்ணீர்தான்.

கராமா இறங்கி வந்து மூடியைத் திருகப் போனான். கையைத் தட்டிவிட்டேன்.

“மூஞ்சி வெந்து போகும்டா. இருபது நிமிஷம் தொடாத.”

“இருபது நிமிஷமா?” முஸ்னா பின்னால் நின்றிருந்தாள். முகத்திரைக்கு மேலே கண் மட்டும் தெரிந்தது. “சூரியன்கிட்டயும் சொல்லிட்டியா, இருபது நிமிஷம் நில்லுன்னு?”

“அக்கா, இந்தச் சூட்டுல பச்சத் தண்ணி ஊத்தினா இரும்பு வெடிச்சுடும். அப்புறம் வண்டியே கிடையாது.”

அவள் பின்பக்கம் போய்ச் சாக்கை விலக்கி ஒரு பெட்டியின்மேல் காதை வைத்தாள். அடுத்த பெட்டி, அதற்கடுத்த பெட்டி. திரும்பி வந்து, “ஒம்பதரை வரைக்கும் தாங்கும். கீழ் அடுக்கு இன்னும் கொஞ்ச நேரம் தாங்கும். மேல் அடுக்கும், வெயில் விழுற பக்கமும் தாங்காது” என்றாள்.

“இங்கயே தொறந்து விட்டா என்ன?” என்றேன். வண்டிக்காரன் கேட்கிற கேள்விதான்.

“தொறந்து விடலாம். அடுக்கி வச்ச பெட்டியெல்லாம் ஒண்ணாத் தொறந்தா ஒரு பெட்டி ஈ இன்னொரு பெட்டியில நுழையும். ஒண்ண ஒண்ணு குத்திக் கொல்லும். மிச்சம் இருக்குறது பூ தேடிப் போகும். இங்க எங்க பூ இருக்கு? உன் தலையிலயா?”

சுற்றிலும் கருங்கல் தரை. ஒரு முள்செடிகூட இல்லை.

வண்டிக்கு அடியில் குனிந்து பார்த்தேன். ரேடியேட்டருக்கு நேர் கீழே சொட்டுச் சொட்டாக விழுந்துகொண்டிருந்தது. எனக்கு உடனே அந்த ஈயக்காரன் ஞாபகம்தான் வந்தது. பதினைந்து நாளாகத் தண்ணீர் குறைந்துகொண்டே வந்ததால், கடற்கரையில் ஒரு பட்டறையில் ரேடியேட்டரைக் கழற்றிக் கொடுத்திருந்தேன். ஒருவன் ஈயம் பற்றவைத்துத் தந்து, இனி ஒரு சொட்டுப் போகாது என்றான். மறுநாளே குறைந்தது. அவனுடைய தாயையும் தகப்பனையும் சேர்த்து நாலு வார்த்தை சொன்னேன்.

“பொம்பள நிக்குறேன்” என்றாள் முஸ்னா.

“உங்களச் சொல்லல அக்கா.”

“என்னச் சொல்லலன்னு தெரியுது. வேலையப் பாரு.”

சூடு தணிந்ததும் தலைத்துண்டைச் சுருட்டி மூடிமேல் வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்தேன். உள்ளே தண்ணீர் கண்ணுக்குத் தெரியவில்லை. முதலில் ஆயில் குச்சியை உருவிப் பார்த்தேன். கருப்பாக இருந்தது. பால் கலந்த காப்பி மாதிரி இருந்தால்தான் பயம், தண்ணீர் ஆயிலுக்குள் போகிறது என்று அர்த்தம். அது இல்லை. பின்புறப் புகையும் வழியெல்லாம் கருப்பாகத்தான் வந்தது, வெள்ளையாக வரவில்லை. குடிக்க வைத்திருந்த இரண்டு பாட்டில் தண்ணீரையும் ஊற்றி, மூடி போடாமல் ஒரு நிமிஷம் ஓடவிட்டேன். வாயில் குமிழி வரவில்லை. அப்படியென்றால் இன்ஜினுக்குள் தண்ணீர் புகாமல் தடுக்கிற ஹெட் கேஸ்கெட் நன்றாக இருக்கிறது. அது போயிருந்தால் அங்கேயே உட்கார்ந்து அழ வேண்டியதுதான்.

தலைத்துண்டால் ரேடியேட்டரை முன்னும் பின்னும் துடைத்தேன். ஈயம் வைத்த இடத்தை இரண்டு தடவை துடைத்து விரலால் தடவினேன். காய்ந்திருந்தது. வாட்டர் பம்புக்கு அடியில் ஒரு சின்னத் துளை உண்டு. உள்ளே தேய்ந்துவிட்டால் அதன் வழியாகத்தான் கசியும். அதிலும் ஈரமில்லை. புல்லியைப் பிடித்து ஆட்டிப் பார்த்தேன், ஆடவில்லை. மேல் ஓஸ், கீழ் ஓஸ், கிளிப்புகள், எல்லாவற்றையும் அமுக்கிப் பார்த்தேன். எல்லாம் காய்ந்து கிடக்கிறது. கீழே மட்டும் சொட்டுகிறது.

“ஒழுகுற எடத்த விட்டுட்டு ஒழுகாத எடத்தையெல்லாம் தொடைக்கிற” என்றான் கராமா.

“நீ வந்து கண்டுபிடி.”

“எனக்கு என்ன தெரியும். கியரப் போடாம உருட்டிவிடு. எறக்கம்தான, அப்படியே போயிடலாம். இன்ஜின் எதுக்கு?”

“பள்ளத்தாக்கு எறக்கத்துல பதினாலு வளைவு இருக்கு. இன்ஜின் ஓடலேன்னா பிரேக்கு கல்லு மாதிரி இறுகிடும், ஸ்டியரிங்கும் திரும்பாது. பெட்டியெல்லாம் சீக்கிரமா கீழ போய்ச் சேரும், நாமளும் போய்ச் சேருவோம்.”

சொட்டை விரலில் ஏந்தி மூக்கில் வைத்தேன். அதே பாகு வாசனை. நாக்கில் வைத்தேன். தித்தித்தது. விரலோடு விரல் ஒட்டியது.

“கராமா, கடைசியா டீக்கடையில நிறுத்தினப்போ தண்ணி ஊத்துன்னு சொன்னேனே. எந்தத் தண்ணி ஊத்தின?”

“கேன்ல இருந்த தண்ணி.”

“எந்தக் கேன்? என்னுது மஞ்சக் கேன்.”

அவன் அக்காவைப் பார்த்தான். “மஞ்சக் கேன் காலியா இருந்துச்சு. பின்னால வெள்ளக் கேன் இருந்துச்சு, அதுலேருந்து ஊத்தினேன்.”

முஸ்னா நெற்றியில் அடித்துக்கொண்டாள். வெள்ளைக் கேன், பெட்டிகளை இறக்கியதும் தேனீக்களுக்கு வைக்கிற சர்க்கரைத் தண்ணீர். ஒரு பங்கு தண்ணீருக்கு ஒரு பங்கு சர்க்கரை. அவர்கள் வீட்டில் அதற்குப் பேரே தண்ணீர்தான். ‘தண்ணி வச்சாச்சா’ என்று அவர்கள் கேட்டால் அதைத்தான் கேட்கிறார்கள். வேறு எவன் ரேடியேட்டரில் சர்க்கரைப் பாகை ஊற்றுவான்.

“முழுசுமா?”

“அஞ்சாறு லிட்டர் இருக்கும்.”

“நல்லவேள, ஏலக்காய் போடல” என்றேன். கோபத்தில் வேறு வார்த்தை வரவில்லை. அந்தச் சூட்டில் சர்க்கரை கருகிச் சின்னக் குழாய்களில் ஒட்டிக்கொண்டால் ஒழுகலை அடைத்தும் பயனில்லை. முழுவதையும் வடித்துவிட்டு நல்ல தண்ணீரால் அலச வேண்டும். எங்களிடம் ஒரு டம்ளர் தண்ணீர்கூட இல்லை. மணி ஏழு நாற்பது.

முஸ்னா கேட்டாள், “ஒழுகுறது இன்னிக்கு ஆரம்பிச்சதா?”

“பதினஞ்சு நாளா கொஞ்சம் கொஞ்சமா...”

அவள் என்னை ஒரு தடவை பார்த்துவிட்டுப் பின்பக்கம் போனாள்.

மேட்டிலிருந்து ஒரு தண்ணீர் லாரி இறங்கி வந்தது. கை காட்டவில்லை, அதுவாகவே நின்றது. அந்தச் சாலையில் பானெட் தூக்கியிருந்தால் யாரும் தாண்டிப் போக மாட்டார்கள். ஓட்டி வந்தவர் ஜும்ஆன், சாலை போடுகிற கூடாரங்களுக்குத் தண்ணீர் அடிக்கிறவர். கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து எட்டிப் பார்த்தார்.

“ரேடியேட்டர்தான். சோப்பு இருக்கா? தேய்ச்சு அடை. இல்லேன்னா பேரீச்சம்பழத்தப் பிசைஞ்சு அப்பு. நான் ஒரு தடவ டீசல் டேங்கையே பேரீச்சம்பழத்துல அடைச்சு நூத்தம்பது கிலோமீட்டர் ஓட்டினேன்.”

“ரேடியேட்டர் இல்லண்ணே. தொடைச்சுப் பார்த்துட்டேன்.”

“அப்ப ஏன் அங்க ஒழுகுது?” குனிந்து விரலில் தொட்டு நக்கினார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். “தம்பி, இதுல என்ன ஊத்தி ஓட்டுற?”

கராமா சொன்னான். ஜும்ஆன் லாரியில் சாய்ந்துகொண்டு சிரித்தார். “பால் மட்டும் ஊத்தியிருந்தா டீக்கட போட்டிருக்கலாமேடா.”

முஸ்னாவுக்குச் சிரிப்பு வரவில்லை. “அண்ணே, பெட்டிமேல சாக்கு நனையுற அளவுக்குத் தண்ணி அடிப்பீங்களா? உள்ள கத்துதுங்க” என்றாள்.

அவர் சிரிப்பை நிறுத்திவிட்டு ஓஸை இழுத்தார். சாக்குகள் முழுக்க நனைந்தன. நனைத்தால் ஒரு மணி நேரம் கூடக் கிடைக்கும் என்றாள் முஸ்னா. அதுவும் காற்று அடித்தால். நான் வண்டிக்கு முன்னால் படுத்து, ரேடியேட்டர் அடியிலுள்ள குழாயைத் திறந்து பாகை வடித்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் முகத்துக்கு மேலே ரீங்காரம் கேட்டது.

பெட்டியின் வாயை அடைக்கும்போது வெளியே மாட்டிக்கொண்ட தேனீக்கள் சில எப்போதும் சாக்கு மடிப்பில் ஒட்டிக்கொண்டு கூடவே வரும். தண்ணீர் அடித்ததில் அவை கிளம்பிவிட்டன. பசி, தாகம். தரையில் வடிந்த பாகில் இருபது முப்பது உட்கார்ந்துவிட்டன. அது எதிர்பார்த்ததுதான். ஆனால் இன்னும் கொஞ்சம் தேனீக்கள் தரைக்கு வரவில்லை. வண்டிக்கு அடியில் நீளமாக ஓடுகிற சேஸ் இரும்புமேல் வரிசையாக நடந்துகொண்டிருந்தன, முன்பக்கம் நோக்கி இல்லை, பின்பக்கம் நோக்கி. ஈரம் இருந்த தடத்தை உறிஞ்சிக்கொண்டே போயின. தலையைத் திருப்பி அவை போகிற வழியைப் பார்த்தேன். இன்ஜினுக்குப் பின்னால், நாங்கள் உட்காருகிற இடத்தைப் பிரிக்கிற உள்சுவர் ஓரமாக ஏறி, கண்ணுக்குத் தெரியாத இடுக்கில் நுழைந்தன.

வண்டி மூக்கு கீழே பார்க்க நிற்கிறது. பின்னால் ஒழுகுகிற தண்ணீர் சேஸ்மேல் ஓடி முன்னால் வந்து சொட்டுகிறது. பதினைந்து நாளாக என் வீட்டு வாசலிலும் வண்டி இப்படிச் சரிவில்தான் நிற்கிறது. நான் சொட்டுகிற இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

எழுந்து பானெட் பக்கமாகக் கையை உள்ளே விட்டேன். இன்ஜினுக்கும் சுவருக்கும் நடுவில் முழங்கை நுழையாத இடம். முதல் கொட்டு மணிக்கட்டில், இரண்டாவது விரல் சந்தில். விரல் ஒரு ரப்பர் குழாயில் பட்டது. தடவினேன். அடிப்பக்கத்தில், ஓர் இரும்புப் பட்டை உரசுகிற இடத்தில் ஒரு விரல்கடை நீளத்துக்குக் கீறல். அழுத்தினால் வாயைத் திறந்தது. ஆறியிருக்கும்போது மூடிக்கொள்கிறது. சூட்டில் அழுத்தம் ஏறும்போது மட்டும் ஒழுகுகிறது.

“என்ன குழாய் அது?” என்றான் கராமா.

“ஹீட்டர் குழாய்.”

“வண்டியில ஹீட்டர் இருக்கா?”

இருக்கிறது. குளிர்நாட்டுக்காரர்களுக்கும் சேர்த்துச் செய்த வண்டி. இன்ஜினின் வெந்நீர் ஒரு குழாய் வழியாக உட்காருகிற இடத்துக்கு வந்து, சூடு கொடுத்துவிட்டு இன்னொரு குழாய் வழியாகத் திரும்பும். ஹழ்ரமவ்தில் எவனும் அந்தக் குமிழைத் திருப்பியதில்லை. நானும் பதினோரு வருஷத்தில் ஒரு தடவைகூடத் தொட்டதில்லை. தொடாததால் அப்படி ஒரு குழாய் இருப்பதே நினைவில் இல்லை. ஈயக்காரனுக்கும் நினைவில் இல்லை. தண்ணீர் மட்டும் தினமும் அதற்குள் ஓடிக்கொண்டிருந்தது.

“புதுக் குழாய்க்கு டவுனுக்குப் போகணும்” என்றார் ஜும்ஆன். “போக வர மூணு மணி நேரம்.”

“வேணாம். ஹீட்டரே வேணாம்.”

இரண்டு குழாய்களையும் உள்சுவரிலிருந்து உருவினேன். கிளிப்பு துருவேறி இறுகியிருந்தது. திருப்புளி வழுக்கி விரலைக் கிழித்தது. தேனீக்கள் கையைச் சுற்றியே நின்றன. முஸ்னா புகைக்கலத்தில் சாணத்தைப் பற்றவைத்துக்கொண்டு வந்து என் முழங்கைக்குப் பக்கத்தில் ஊதினாள். எனக்குக் கண் எரிந்தது. தேனீக்கள் விலகின.

“ஊதுங்கக்கா, இன்னும் கொஞ்சம்.”

“பேசாத. வாய்க்குள்ள போகும்.”

கிழிந்த குழாயைக் கழற்றித் தூர எறிந்தேன். நல்ல குழாயை எடுத்து, இன்ஜினிலிருந்து தண்ணீர் வெளியே வருகிற மூக்கில் ஒரு முனை, திரும்பப் போகிற மூக்கில் மறுமுனை என்று மாட்டினேன். வெந்நீர் ஹீட்டருக்குப் போகாமல் அங்கேயே வளைந்து இன்ஜினுக்குள் திரும்பிவிடும். குழாய் நீளம் சரியாக இருந்தது. ஆனால் வளைத்தால் நடுவில் மடிந்து வழி அடைபட்டது. ஒரு சாண் வெட்டி எடுத்துவிட்டு மறுபடி வளைத்தேன். இன்னும் மடிந்தது. ஜும்ஆன் தன் லாரியிலிருந்து கனமான கம்பி கொண்டுவந்தார். அதைச் சுருள் சுருளாகக் குழாயின்மேல் சுற்றினோம். அப்புறம் மடியவில்லை. கிளிப்பை இறுக்கும்போது கை வீங்கி விரல் மூடவில்லை. கராமாதான் இறுக்கினான்.

“இன்னும்” என்றேன்.

“போதும்டா, அறுந்துடும்.”

“கிளிப்ப இறுக்கு. வாயத் தொறக்காத.”

லாரியின் ஓஸை ரேடியேட்டர் வாயில் வைத்து, அடிக்குழாயைத் திறந்தே விட்டு அலசினோம். முதலில் பழுப்பாக வந்தது, பிறகு டீ நிறம், பிறகு தெளிந்தது. நான் நக்கிப் பார்த்தேன். ஜும்ஆனும் நக்கிப் பார்த்துத் தலையாட்டினார். அடைத்துவிட்டு நிறைத்தேன். மூடி போடாமல் இன்ஜினை ஓடவிட்டு, காற்றுக் குமிழி வந்து அடங்க அடங்க ஊற்றினேன். அவசரப்பட்டு மூடியிருந்தால் உள்ளே காற்று நின்று மறுபடி சூடேறியிருக்கும். முஸ்னா எனக்குப் பின்னால் நின்று என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவசரப்படுத்தவில்லை.

மூடி போட்டு ஐந்து நிமிஷம் உறுமவிட்டேன். மேல் ஓஸ் சூடேறி விறைத்தது. சேஸ்மேல் துண்டை வைத்துப் பார்த்தேன். காய்ந்த துண்டு காய்ந்தே இருந்தது. முள் பாதியில் நின்றது.

மணி ஒன்பது ஐந்து. ஜும்ஆன் மஞ்சள் கேனையும் நிரப்பிக் கொடுத்துவிட்டு, “தோஅன் தேன் ஒரு சொட்டு வாங்கிக்கணும்” என்றார்.

“ஒரு பாட்டில்” என்றாள் முஸ்னா. “பெட்டி பொழச்சா.”

பள்ளத்தாக்கு இறக்கத்தில் நான் சாலையைப் பார்த்ததைவிட முள்ளைத்தான் பார்த்தேன். அது அசையவே இல்லை. முஸ்னா கண்ணாடியை இறக்கித் தலையை வெளியே நீட்டிப் பின்பக்கம் காது கொடுத்துக்கொண்டே வந்தாள். ஒவ்வொரு வளைவிலும் சாக்கு காய்ந்துவிட்டது என்றாள்.

இலந்தை மரத்தடியில் நின்றபோது பத்தே கால். மேலே பூவும் தேனீச் சத்தமுமாக இருந்தது, முந்தி வந்தவர்களின் தேனீக்கள். கயிற்றை அவிழ்க்க நேரமில்லை, அறுத்தோம். கராமாவும் நானும் இறக்க இறக்க, முஸ்னா ஒவ்வொன்றாகத் தூக்கி நிழலில் வைத்து வாயிலிருந்த கம்பிவலையை உருவினாள். முதல் பெட்டியிலிருந்து நெல் கொட்டுகிற மாதிரி தேனீ கொட்டியது. வெளியே வந்து பெட்டியின் சுவரில் அப்பிக்கொண்டு இறகால் விசிறின. அடுத்தது, அதற்கடுத்தது. கீழ் அடுக்கு முழுக்க உயிரோடு இருந்தது. நடு அடுக்கில் ஒன்றிரண்டு சோர்ந்திருந்தன, ஆனால் வந்தன.

மேல் அடுக்கில் வெயில் விழுந்த பக்கம், ஒன்பது பெட்டியில் வலையை எடுத்தும் ஒன்றும் வரவில்லை. அடியிலிருந்து தேன் வழிந்தது. முஸ்னா முதல் பெட்டிக்குள் கையை விட்டு ஒரு பிடி அள்ளினாள். ஈரமாக, கருப்பாக, தேனில் ஊறிய தேனீக்கள். அப்படியே தரையில் போட்டாள். ஒன்பதையும் அப்படித்தான் பார்த்தாள். ஒரு பெட்டியில் மட்டும் கையை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு அதையும் தள்ளி வைத்தாள்.

“நான் மட்டும் அந்தத் தண்ணிய ஊத்தாம இருந்திருந்தா...” என்று ஆரம்பித்தான் கராமா.

“நீ ஊத்தலேன்னா இவன் இன்னும் அங்கதான் நின்னு ரேடியேட்டரத் தொடைச்சுக்கிட்டு இருப்பான். நீ போய் அந்தப் பெட்டி ஆடாம அடியில கல்லு வை.”

அவன் போனதும் என்னைப் பார்த்துச் சொன்னாள், குரலை உயர்த்தாமல். “பதினஞ்சு நாளா ஒழுகுதுன்னு உனக்குத் தெரியும். ஏத்துறதுக்கு முன்னால சொல்லியிருந்தா நான் வேற வண்டி பார்த்திருப்பேன்.”

வாடகை போய்விடும் என்றுதான் சொல்லவில்லை. அவளுக்கும் அது தெரியும். நான் வீங்கின வலது கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

“நாப்பது நாள் கழிச்சு இதையெல்லாம் திரும்ப ஊருக்குக் கொண்டுபோகணும்” என்றாள். “முந்தின நாள் காலையிலேயே வண்டியோட வா. நானே அடியில படுத்துப் பார்ப்பேன். அப்புறம்தான் ஏத்துவேன்.”

“சரிக்கா.”

“பூ நல்லா இருந்தா பதினஞ்சு நாள்ல பலமான கூட்டத்தப் பிரிச்சு இந்தக் காலிப் பெட்டியில பாதியையாவது நெரப்பிடலாம்.” எனக்குச் சொன்னதா தனக்கே சொல்லிக்கொண்டதா தெரியவில்லை. ஒன்பதாவது பெட்டியைக் கவிழ்த்து உள்ளே சுரண்ட ஆரம்பித்தாள். “அந்தப் பக்கம் புடி. மெழுகு காயுறதுக்குள்ள வழிச்சு எடுக்கணும்.”

நான் இடது கையால் பிடித்தேன்.